வேன் உள்ளே வராத தெரு

சபையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. வேன்காரர் என்றால் வேன்காரர்தான். போதகர்கூட ஜெபத்தில், "எங்கள் வேன்காரருக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்றுதான் சொல்வார். ஆண்டவருக்கு ஆள் தெரியும் என்ற தைரியம். நடக்க முடியாதவர்களை ஞாயிறு காலையில் வீடு வீடாகப் போய் ஏற்றிக்கொண்டு வருவதும், ஆராதனை முடிந்ததும் பத்திரமாகத் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவர் வேலை.

வந்த புதிதில் அவருக்கும் சபைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வார நாட்களில் ஒரு மரச்சாமான் கடைக்குச் சரக்கு வண்டி ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடப்பானேன் என்று இந்த வேலைக்குக் கூலிக்கு வந்தார். ஆட்களை இறக்கிவிட்டு, சீட்டைச் சாய்த்து, முகத்தின் மேல் செய்தித்தாளைப் போட்டுக்கொண்டு தூங்குவார். உள்ளே பாட்டுச் சத்தம் கூடினால் கண்ணாடியை ஏற்றிவிடுவார்.

அவரை உள்ளே இழுத்தது பிரசங்கம் இல்லை, ஒரு கை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. இடது கை மட்டும் இரும்பு. அவரை வண்டியிலிருந்து இறக்க முடியாமல் ஒரு நாள் அவர் மனைவி தடுமாற, "தள்ளிக்கங்கம்மா" என்று வேன்காரர் அலுத்துக்கொண்டே தூக்கினார். பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பினால், தபால்காரர் அவர் சட்டையைப் பிடித்திருந்தார். விடுவிக்கப் பார்த்தார், நடக்கவில்லை. பாட்டு தொடங்கிவிட்டது. எல்லோர் முன்னாலும் ஒரு நோயாளியோடு மல்லுக்கட்டவா முடியும்? உட்கார்ந்துவிட்டார். வேன்காரர் முழுசாக இருந்து பார்த்த முதல் ஆராதனை அப்படித்தான் நடந்தது, அடுத்தவர் பிடியில்.

அடுத்த வாரமும் அந்தக் கை சட்டையைப் பிடித்தது. பிறகு பிடிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. கூலி வாங்குவதை அவராகவே நிறுத்தினார். வார நாட்களிலும் ஒவ்வொரு வீடாகப் போகத் தொடங்கினார். குழாய் ஒழுகினால் சரிசெய்வார், குனிய முடியாதவர்களுக்குக் கால் நகம் வெட்டுவார், மருத்துவமனையில் வரிசையில் நிற்பார். தபால்காரரை மாதத்துக்கு ஒரு தடவை தன் வீட்டுக்கே அழைத்து வந்து, முன்னறையில் நாற்காலி போட்டு முடி வெட்டிவிடுவார். வண்டியைக் கிளப்புவதற்கு முன் ஸ்டியரிங்கில் கை வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஜெபம் செய்யவும் பழகினார். முதலில் திக்கித் திணறி இரண்டு வரி. பின்னால், போதும் நிறுத்துங்கள் என்று பின்சீட்டு அம்மா சொல்கிற அளவுக்கு. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிற ஆள் அடங்கிப்போனதைப் பார்த்த அவர் மனைவி, "உங்களைக் குடுத்துட்டு வேற ஆளை வாங்கிட்டு வந்தேனா?" என்று கேலி செய்வாள். அவள் மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறவள். ஞாயிறும் வேலை உண்டு என்பதால் சபைக்கு வர முடியாது.

இப்படி ஒரு மனிதன் திருந்தி, பத்துப் பேருக்கு உதவியாக நிற்கிற நேரம் பார்த்துத்தான் கண் போக வேண்டுமா? கண்ணழுத்த நோய். ஓரப் பார்வை முதலில் போய்விடும், போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். வேன்காரர் யாரிடமும் மூச்சு விடவில்லை. நேரே பார்த்தால் சாலை தெரிகிறதே என்று ஓட்டிக்கொண்டிருந்தார். சபை வளாகத்தில் ஒரு நாள் பக்கவாட்டில் குழந்தையோடு வந்த பெண் அவர் கண்ணில் படவே இல்லை. பின்னால் இருந்தவர்கள் போட்ட கூச்சலில் பிரேக்கை மிதித்தார். யாருக்கும் அடி இல்லை. இறங்கிப் போய்ச் சாவியைப் போதகர் கையில் வைத்துவிட்டு, சுவரோரம் நின்று அழுதார்.

சபை அவரை மரியாதையாகத்தான் அனுப்பியது. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு கொடுத்தார்கள். கண் போகிறவனுக்குக் கடிகாரம்! அதைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

புதிய ஓட்டுநர் நல்லவர். பார்சல் கம்பெனியில் வேலை, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். எந்த வீட்டில் யாரை ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் வேன்காரர் தலைக்குள்தான் இருந்தது. அதனால் ஒரு ஞாயிறு பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னார். இங்கே ஹாரன் அடிக்காதே, அந்த அம்மா பதறிவிடுவார். இங்கே முக்காலி எடுத்து வை. தபால்காரருக்கு வராத கையை முதலில் பிடித்துக்கொள், இடது பக்க ஜன்னலோரம் உட்கார வை. கடைசி வீடும் முடிந்தது. "அவ்வளவுதானாண்ணே?" என்று கேட்டார் புதியவர்.

வேன்காரருக்கு வாய் வரை வந்தது. தன் தெருமுனையைத் தாண்டித்தான் வண்டி ஞாயிறுதோறும் போகிறது. சபையோ நடக்கிற தூரத்தில் இல்லை. இரண்டு பஸ் மாறிப் போக இந்தக் கண்ணுக்கு முடியாது. ஆனால் ஏற்றிப் பழகியவனுக்கு, என்னையும் ஏற்றிக்கொள் என்று சொல்ல வரவில்லை. அவர்களாகக் கேட்க மாட்டார்களா என்று நினைத்தார்.

"அவ்வளவுதான்பா" என்றார்.

அவ்வளவுதான் என்றால் அவ்வளவுதான் என்று புதியவரும் எடுத்துக்கொண்டார். வெளியூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று சிலர் நினைத்தார்கள். அவர் வண்டியை இன்னொருவர் ஓட்ட, அவரைப் பின்னால் உட்காரச் சொன்னால் மனம் நோகும் என்று சிலர் தயங்கினார்கள். போதகர் ஒரு தடவை வந்து, தலையில் கை வைத்துப் பார்வைக்காக ஜெபித்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, நன்றாகத்தான் இருக்கிறேன் என்றார் இவர். பிறகு போதகர் என்ன செய்வார்?

ஞாயிறு தவறாமல் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். பார்வை மங்க மங்கக் காது கூர்மையாகிவிட்டது. சைலன்சர் கடகடப்பை வைத்தே தன் வண்டி என்று தெரியும். தெருமுனைக்கு வரும்போது அதன் வேகம் குறையும். ஒவ்வொரு தடவையும் குறையும். இவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுவார். பிறகு கியர் மாறும் சத்தம் கேட்கும், வண்டி போய்விடும்.

அதுதான் அவரைக் கொன்றது. ஒரேயடியாகப் போனால்கூடப் பரவாயில்லை. முனையில் மெதுவாகி, அங்கேதான் இருக்கிறான் என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று தோன்றியது. நாம் அவர்களுக்கு வேண்டியிருந்தது ஓட்டுகிற கைக்காகத்தான் என்று முடிவு கட்டினார். ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. அடுத்தவர் வீட்டுக் கட்டிலோரம் மடை திறந்த மாதிரி வந்தது, சொந்த வீட்டில் வறண்டு கிடந்தது. கடிகாரம் மட்டும் சுவரில் ஓயாமல் சத்தம் போட்டது. பாட்டரியைப் பிடுங்கி எறிந்தார்.

"ஒரு வார்த்தை சொன்னா வந்து கூட்டிட்டுப் போவாங்க. நான் சொல்லட்டுமா?" என்றாள் மனைவி.

"சொன்னே, இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. சவரத்தை விட்டார், சட்டையை விட்டார். ஞாயிறு காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, வேகம் குறையும் அந்தச் சத்தத்தை மட்டும் கேட்பார். கேட்டுவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டுவார்.

ஒரு புதன்கிழமை அந்த வண்டி தெருவுக்குள்ளேயே வந்தது. வாசலில் நின்றது. வேன்காரர் மேல்சட்டை இல்லாமல் அப்படியே எழுந்து வந்தார்.

"தபால்காரர் காலையில இறந்துட்டாருண்ணே" என்றார் புதிய ஓட்டுநர். "அவரைத் தூக்கி, குளிப்பாட்டி, உடுத்துறது நீங்கதான் செய்யணுமாம். வேற யாரும் தொட வேணாம்னு வீட்டம்மா சொல்றாங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு, அந்த வண்டியில் முதல் தடவையாகப் பின்சீட்டில் ஏறினார். கை தடவிய இடத்தில் உட்கார்ந்தார். இடது பக்க ஜன்னலோரம். தெருமுனை வந்ததும் வேகம் குறைந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேண்ணே" என்றார் ஓட்டுநர். "இந்த முனை வந்தா மட்டும் அவரு அந்தக் கையால கண்ணாடியப் படபடன்னு தட்டுவாரு. ஒரு வாரம் தவறாது. காத்துக்குத்தான் தட்டுறாருன்னு வீட்டம்மா சொன்னாங்க. நானும் மெதுவாக்கி ஜன்னலைத் திறந்து விடுவேன். திறந்தாலும் தட்டுவாரு, தெருவைத் தாண்டுற வரைக்கும். பழக்கதோஷத்துல இன்னைக்கும் பிரேக்ல கால் போகுது. எதுக்குண்ணே தட்டுனாரு?"

தபால்காரர் ஊர் முழுக்க வீடு தெரிந்த மனிதர். தவறிப்போன வீடு எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, சொல்லத்தான் நாக்கு இல்லை. நாக்கு இருந்தவன் போர்வைக்குள் கிடந்து திட்டிக்கொண்டிருந்தான். வேன்காரர் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். வழி முழுக்க அழுதார், சத்தமாகவே அழுதார். ஓட்டுநர் இறந்தவருக்காக என்று நினைத்து மெதுவாக ஓட்டினார்.

தபால்காரர் வீட்டுப் பின்னறையில் வெந்நீர் தயாராக இருந்தது. வேன்காரர் தடவித் தடவியே எல்லாம் செய்தார். சவரம் செய்தார், காதோரம் முடியைக் கத்தரித்தார். வராத கையை முதலில் சட்டைக்குள் விடுவது வழக்கம். இப்போது இரண்டு கையும் வராத கையாகிவிட்டது. இடது கையைக் கொஞ்ச நேரம் தன் சட்டையில் வைத்துப் பார்த்தார். அது பிடிக்கவில்லை. ஜெபம் செய்யுங்கள் என்று வீட்டம்மா கேட்டார். அவர் வாயைத் திறந்தார். "மன்னிச்சிரும்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. யாரிடம் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

திரும்பி வரும்போது தான் ஓட்டிய காலத்தை நினைத்தார். எத்தனை தெருமுனைகளை ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டியிருப்பார். எந்த ஜன்னலோரம் யார் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார்களோ. தனக்காவது தட்ட ஒருவர் இருந்தார். அவரும் இப்போது இல்லை.

தெருமுனையில் ஓட்டுநரின் கால் மறுபடியும் பிரேக்குக்குப் போனது. வண்டி தயங்கியது. பின்னால் யாரும் தட்டவில்லை.

"தம்பி" என்றார் வேன்காரர். அதற்கு மேல் சொல்ல அவர் படாத பாடு பட்டார். "ஞாயித்துக்கிழமை... தெருவுக்குள்ள வாப்பா. என்னையும் ஏத்திக்கணும். எனக்குக் கண்ணு தெரியலை."

ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டார். "அப்ப அவரு காத்துக்குத் தட்டலை" என்றார். பிறகு இறங்கி வந்து, பின்கதவைத் திறந்து, காற்றுக்கென்று திறந்தே வைத்திருந்த அந்த இடது பக்க ஜன்னலை மெதுவாக மூடினார்.