ஜெபரத்தினத்தின் மொட்டை

ஜெபரத்தினம் யாரையும் லேசில் நம்பமாட்டார். பெட்ரோல் போடும்போது மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பார்த்துவிட்டு, போடுகிற ஆளின் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பார். தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். வீட்டில் மனைவி அதை உடைக்கும்போதும் கூடவே நிற்பார்.

இப்படி ஆனதற்கு அவரிடம் காரணம் இருந்தது. திருத்தணி மலையடிவாரத்தில் ஆட்டோ ஓட்ட வந்த புதிதில், நகரிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை மலைமேல் கொண்டுபோய் விட்டார். "திரும்பிப் போறதும் உன் வண்டியிலதான் சாமி, எங்கயும் போயிடாத" என்று அந்தக் குடும்பத்துப் பெரியவர் சொல்லிவிட்டுப் போனார். மத்தியான வெயிலில் இவர் காத்துக் கிடந்தார். போகும்போது அத்தனை பேருக்கும் தலை கொள்ளாத முடி. திரும்பும்போது பெரியவரிலிருந்து கைக்குழந்தை வரை மொட்டை, அதன்மேல் சந்தனம். இவர் கண்ணெதிரேயே இன்னொரு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்கள். இவருக்கு ஒருத்தரையும் அடையாளம் தெரியவில்லை. பக்கத்து வண்டிக்காரர் கோதண்டபாணி சொல்லிச் சிரித்த பிறகுதான் விஷயமே புரிந்தது. மனுஷ முகத்தை நம்பினால் இதுதான் கதி என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

மலையை நம்பிப் பிழைக்கிற கிறிஸ்தவர் அவர். கொள்ளுத்தாத்தா காலத்தில் மிஷனில் சேர்ந்த குடும்பம். சர்ச்சில் அவர்கள் வீட்டு ஆண்கள் வழக்கமாக உட்காரும் பெஞ்சு ஒன்று உண்டு. இப்போது இவர் கமிட்டியிலும் இருக்கிறார். முருகனுக்கு எப்போது அபிஷேகம், எப்போது நடை சாத்துவார்கள் என்பதெல்லாம் தொழிலுக்காக மனப்பாடம். பக்தர்கள் "சாமி" என்று கூப்பிட்டால் "ஆங்" என்று திரும்புவார். ஆனால் இத்தனை வருஷத்தில், மலைமேல் ஆட்டோ நிற்கிற இடத்தைத் தாண்டி ஓரடி வைத்ததில்லை. வண்டியின் முன்கண்ணாடியில் சிலுவையும் கிடையாது, வேலும் கிடையாது. 'ப்ளெஸ்ஸி' என்று மகளின் பெயர் மட்டும் ஒட்டியிருக்கும்.

அந்த ப்ளெஸ்ஸிதான் சென்னையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். தினமும் விடியலில் ரயிலேறிப் போய்விட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவாள்.

"உம் பொண்ணு இன்னா படிக்குது?" என்று ஆட்டோ ஸ்டாண்டில் கோதண்டபாணி கேட்டார்.

"உலகப் பண்பாடு."

"அது படிச்சா இன்னா வேலைக்குப் போவும்?"

ஜெபரத்தினத்துக்கும் அதுதான் சந்தேகம். வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டார். அவள் பொறுமையாகத்தான் சொன்னாள்.

"சரித்திரம், பாஷை, பாட்டு, மதம், சாப்பாடு எல்லாத்தையும் சேத்து வெச்சிப் பாக்கறது நைனா. ஒரு ஜனம் ஏன் இப்படி வாழுதுன்னு ஒரே ஒரு பாடத்த வெச்சிகினு சொல்ல முடியாதில்ல? அதான், எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்."

எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் என்றால் ஜெபரத்தினத்தின் அகராதியில் கலப்படம். பால்காரனும் அதைத்தானே செய்கிறான்? ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு ரயிலேறி, கல்லூரி என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். இருந்தது. இந்தப் பாடம் உண்டா என்று வாசல் காவலாளியிடம் விசாரித்தார். உண்டு என்றான். அவன் கொஞ்சம் வேகமாகச் சொன்ன மாதிரி இவருக்குப் பட்டது.

முதல் வருஷம் ஒருவழியாகப் போனது. இரண்டாம் வருஷத்தில், சனிக்கிழமை லீவு நாளிலும் ப்ளெஸ்ஸி காலையிலேயே கிளம்ப ஆரம்பித்தாள். எங்கே என்று கேட்டார்.

"களப்பணி நைனா."

"எந்த எடத்துல?"

"ஜனங்க இருக்கற எடத்துல" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மழுப்பலான பதில் போதாதா அவருக்கு? அடுத்த வாரமே அவளுடைய துப்பட்டாவைக் கொடியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடிப்பில் முடி ஒட்டிக்கொண்டிருந்தது. குட்டைக் குட்டையான கறுப்பு முடி. நரைத்ததும் இருந்தது. குழந்தை முடி போல மெல்லியதும் இருந்தது. ஒரே ஆளின் முடியாக இருந்தால் யாரோ ஒருவனைச் சந்தேகப்படலாம். இத்தனை பேருடைய முடியை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் யாரைச் சந்தேகப்படுவது?

அதற்கும் மேலே, ஒரு நாள் சாயங்காலம் அவளுடைய போனில் ஒரு ஆண் குரல் கேட்டது. தெலுங்கில், அழுதுகொண்டே, "சொன்ன வாக்கக் காப்பாத்திட்டேன்" என்றது. இவர் இருமியதும் போன் அணைந்தது. மனைவி பிரேமகுமாரி நகரியில் பிறந்தவள். அவள் வழியில் வீட்டில் எல்லோருக்கும் தெலுங்கு வரும். அவளுக்கு அந்தப் பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும். விழாதது போல அரிசி களைந்துகொண்டிருந்தாள். சரி, இவளும் கூட்டு என்று நினைத்துக்கொண்டார்.

மிச்சத்தைக் கோதண்டபாணி சொன்னார். "உம் பொண்ண மலமேல பாத்தேன்ப்பா. மொட்ட போடற மண்டபத்தாண்ட உக்காந்துகினு இருந்துச்சு."

அந்த வாரமே சர்ச் கமிட்டிச் செயலாளர் ஆல்பின் வீட்டுக்கு வந்தார். ஜெபரத்தினத்துக்கு இளையவர், ஆனால் பேச்சில் மூத்தவர்.

"தோத்திரம் அண்ணா. பொண்ணு மலைக்குப் போயிகினு இருக்குதுன்னு சொல்றாங்க. நெசமா?"

உள்ளே ப்ளெஸ்ஸி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழும் என்று தெரியும். என் மகள் தப்பு செய்யமாட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜெபரத்தினத்தின் வாயில் அந்த வார்த்தை வரவில்லை.

"வெசாரிக்கறேன் ஆல்பினு" என்றார்.

உள்ளே தட்டில் கை நின்றது. அப்புறம் குழாயடியில் தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது.

ஆல்பின் போனதும் மனைவியிடம் கறாராகச் சொன்னார்: "சனிக்கெழம நானே போயி கண்ணால பாக்கப் போறேன். எவனாச்சும் இருந்தான், திங்கக்கெழமயிலேந்து காலேஜி கெடையாது. படிச்ச வரைக்கும் போதும்."

பிரேமகுமாரி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கேட்கவில்லை.

சனிக்கிழமை மலைமேல் சவாரியை இறக்கிவிட்ட கையோடு வண்டியைக் கோதண்டபாணியிடம் ஒப்படைத்தார். செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் வைத்தார். துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு, முதல் முறையாக ஆட்டோ நிற்கிற இடத்தைத் தாண்டி நடந்தார். சர்ச் ஜனம் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

மண்டபத்து வாசலிலிருந்தே ப்ளெஸ்ஸி தெரிந்தாள். தூணோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் உரசுகிற மாதிரி, ஒரு மொட்டைத் தலை முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ப்ளெஸ்ஸி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள்.

ஜெபரத்தினம் முகத்துத் துண்டை இறுக்கிக்கொண்டார். அவன் குரலை ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், போனில் அழுதவன் இவன்தான் என்று தெரிந்துவிடும். உள்ளே போகப் பார்த்தார். சீட்டு இல்லாமல் விடமாட்டோம் என்றார்கள். மொட்டை போடுகிறவர்களுக்குக் கொடுக்கிற சீட்டு அது. வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தூணுக்குப் பின்பக்கம் நழுவிப் போய், மகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார். அது நாவிதருக்கு எதிரே இருந்த பலகை என்பதை அவர் கவனிக்கவில்லை.

நாவிதர் சீட்டை வாங்கிக்கொண்டார், துண்டை உருவினார், தலையில் தண்ணீரைத் தெளித்தார். "குனி சாமி" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவர், அப்படியே மூடிக்கொண்டார். மகள் இரண்டடி தள்ளி இருக்கிறாள். ஒரு வார்த்தை பேசினால் குரல் தெரிந்துவிடும். கையைத் தூக்கித் தடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் நடுத்தலையில் கத்தி ஒரு கோடு இழுத்துவிட்டது. இனி எழுந்து ஓடினால் அந்தக் கோட்டோடு ஓட வேண்டும். குனிந்தார்.

அப்போதுதான் அந்த மொட்டைத் தலை பேசியது. பெண் குரல். புத்தூர்ப் பக்கத்துத் தெலுங்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து பிழைக்காது என்று ஆனபோது நேர்ந்துகொண்டதாம். "முடி போனதும் கண்ணாடியில என்னப் பாக்க பயந்துகினு இருந்தேன். ஆனா கொழந்த என்னத் தடவிப் பாத்துட்டு சிரிச்சான்" என்று சொல்லி அழுதாள். ப்ளெஸ்ஸி எதுவும் எழுதவில்லை, அவசரப்படுத்தவில்லை. அழுது முடிக்கும் வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேறு நாடுகளிலும் இப்படி முடியைக் கொடுக்கிற தாய்மார் உண்டு, அவர்களைப் பற்றியெல்லாம் படிக்கிறேன் என்று சொன்னாள். இங்கே மொட்டை போட வந்து பேசினவர்கள் குரலையெல்லாம் போனில் பதிந்து, வீட்டில் திரும்பப் போட்டுக் கேட்பதாகவும் சொன்னாள்.

"நீ யாரு பொண்ணும்மா? நெத்தியில பொட்டில்லயே" என்று அந்தத் தாய் கேட்டாள்.

"நாங்க கிறிஸ்டியன்கா. இந்த ஊர்தான். எங்க நைனா ஆட்டோ ஓட்றாரு. உங்கள மாதிரி ஜனங்களத்தான் நான் பொறக்கறதுக்கு முன்னாலேந்து ஏத்தி எறக்கறாரு. அவங்கல்லாம் ஏன் மலையேறி வராங்கன்னு எனக்குத் தெரிஞ்சிக்கணும்."

ஜெபரத்தினத்தின் மடியில் முடி கொத்துக் கொத்தாக விழுந்துகொண்டிருந்தது. அவருக்கு அழுகை வந்தது. அழுதால் தலை ஆடும் என்று அடக்கிக்கொண்டார். வெளியே வரும்போது யாரோ ஒரு அம்மாள் அவர் தலையில் சந்தனத்தை அப்பிவிட்டாள்.

வீட்டில் பிரேமகுமாரி பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. சாயங்காலம் ப்ளெஸ்ஸி வந்தாள். தலையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் தேங்காயெண்ணெய் எடுத்துக்கொண்டு வந்து, "தடவிக்கங்க நைனா, எரிச்சல் அடங்கும்" என்றாள். இவள் ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குத் தொப்பியோடு போனார். உள்ளே ஆண்கள் தொப்பி போடக் கூடாது. கழற்றினார். எவ்வளவு சோப்புப் போட்டும் போகாத சந்தன வாசம் பெஞ்சு முழுக்கப் பரவியது. திருத்தணியில் ஒரு மனுஷன் மொட்டைத் தலையோடு நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பின்னாலிருந்து கிசுகிசுப்பு கேட்டது. பிரசங்கம் முழுக்க அவர் பிடரி கூசியது.

சாயங்காலம் ஆல்பின் வந்துவிட்டார். "இன்னாண்ணா இது?"

"பேன்" என்றாள் பிரேமகுமாரி. அதே சமயத்தில் "கட்டி" என்றார் ஜெபரத்தினம்.

ஆல்பின் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ப்ளெஸ்ஸியிடம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. நீயும் மலைக்குப் போற, உங்க நைனாவும் மொட்ட போட்டுகினு வராரு. கமிட்டியில கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

"நான் போறது படிப்புக்கு அங்கிள். யார் கேட்டாலும் சொல்லுவேன். நைனா வழி தவறிப் போறவரில்ல. போயி தைரியமா சொல்லுங்க."

"அவருகிட்ட வெசாரிச்சியா?"

"எதுக்கு வெசாரிக்கணும்? எங்க நைனாவ எனக்குத் தெரியாதா?"

அந்த வார்த்தை ஜெபரத்தினத்தை அறைந்தது போலிருந்தது. தலையைத் தூக்க முடியவில்லை. ஆல்பின் சரி என்று எழுந்தார். அவர் வாசலுக்குப் போவதற்குள் ஜெபரத்தினம் உண்மையை உடைத்துவிட்டார்.

"ஆல்பினு, நில்லு. இவள வேவு பாக்கத்தான் போனேன். தெரியாத்தனமா கத்திக்கு அடியில உக்காந்துட்டேன். எங்கொழந்த மேல ஒரு குத்தமும் இல்ல. அத அன்னிக்கே உங்கிட்ட சொல்லியிருக்கணும்."

ஆல்பின் வெறித்துப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் தெருமுனை போகும் வரை நிறுத்தவில்லை. பொழுது விடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

ப்ளெஸ்ஸி மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஆச்சரியப்படவும் இல்லை. ஜெபரத்தினம் அவளைக் கூர்ந்து பார்த்தார்.

"நான்தான்னு உனக்கு அங்கயே தெரியுமா?"

"இஸ்கூல் போன நாள்லேந்து பின் சீட்ல உக்காந்துகினு பாத்த முதுகு நைனா."

"அப்பறம் ஏன் கூப்படல? பாதி முடியாச்சும் மிஞ்சியிருக்குமே."

"கூப்பிட்டா சட்டுனு திரும்புவீங்க. கத்தி பட்டுடும்னு பயந்தேன்."

ஜெபரத்தினம் மொட்டையைத் தடவிக்கொண்டார். பிறகு, "நாளைக்கு திங்கக்கெழம. காலேஜிக்கு ரயிலு எத்தன மணிக்கு?" என்று கேட்டார். தினமும் அவரே வண்டியில் கொண்டுபோய் விடுகிற ரயில்தான்.