லின் எழுதிக் காட்டிய காது

கழுத்தில் அப்பிய மஞ்சள் பற்று காய்ந்து தோலை இழுக்கும் அந்த இறுக்கம் இன்றும் நினைவிருக்கிறது. பதினொரு வயதில், பிரெஞ்சு பேசும் கனடிய நகரொன்றின் புறநகரான பியர்பொன்ட்ஸில் பனி கொட்டிய ஒரு மாசியில், எனக்குக் கன்னமும் கழுத்தும் வீங்கும் "கூகைக்கட்டு" வந்தது. வீக்கம் வற்றியது, இடது காது மட்டும் திரும்பவில்லை. இனி அது கேட்காது என்று வைத்தியர் சொன்ன நாளிலிருந்து, என்னைக் கண்டாலே அம்மாவுக்கு அழுகை.

பக்கத்து வீட்டு லின் என் வகுப்புத் தோழி. சனிக்கிழமைகளில் சீன வகுப்புக்குப் போய்விட்டு, அங்கே பட்ட பாட்டையெல்லாம் திங்கட்கிழமை பஸ்ஸில் என்னிடம் கொட்டுவாள். ஒருநாள் பனி படர்ந்த கண்ணாடியில் விரலால் 耳 என்று எழுதி, இதுதான் காது, ஆதியில் காதின் படமாகவே இருந்ததாம் என்றாள். ஆனால் பழைய நூல்களில் அதே எழுத்து வசனத்தின் கடைசியில் வந்தால் காதே இல்லையாம். "அவ்வளவுதான், வேறொன்றுமில்லை" என்று பொருளாம். அது தெரியாமல் இவள் காது என்றே வாசிக்க, வகுப்பு முழுவதும் சிரித்திருக்கிறது. அவள் கோபத்தில் பொரிந்துகொண்டிருக்க, நான் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் காது என்றாலே கண்ணீர்; எங்கோ ஒரு மொழியில் அதற்கு இவ்வளவு இலேசான பொருளும் இருந்தது.

அடுத்த கிழமை தலைமையாசிரியை என் அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டு, நகரின் மறுகோடியில் உள்ள சிறப்புப் பள்ளிக்கு என்னை மாற்றலாம் என்றார். துறைமுகத்தில் லொறி ஓட்டிய அப்பாவுக்குப் பிரெஞ்சு மட்டுமட்டு.

"ஓம் எண்டு சொல்லுவமே?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம் அப்பா, நான் கதைக்கிறன்."

எழுந்து நின்று பிரெஞ்சில் சொன்னேன்: "எனக்கு ஒரு காது கேட்காது. அவ்வளவுதான். வகுப்பில் இடது ஓரத்தில் இருத்துங்கள், மற்றக் காது போதும்."

சரி, ஆண்டு முடியும்வரை பார்ப்போம் என்றார் தலைமையாசிரியை. ஆண்டு முடிந்தது, அந்தப் பேச்சை ஒருவரும் மறுபடி எடுக்கவில்லை.

காரில் அப்பா, "ஆரிட்டையடி இப்பிடிக் கதைக்கப் பழகினனி?" என்றார்.

"லின்னிட்ட."

அம்மா, எவ்வளவோ நாளைக்குப் பிறகு, வாய்விட்டுச் சிரித்தார்.

எங்கள் வீட்டுக்குக் கிட்டவிருந்த ரொக்ஸ்பரோ நிலையத்தில் நின்ற பழைய ரயில் போய், இப்போது சாரதியே இல்லாத ரயில் ஓடுகிறது. லின் வான்கூவருக்குப் போய்ப் பல வருடமாகிறது. தொலைபேசியில் அடிக்கடி கதைக்கிறோம், ஆங்கிலத்தில். பாதி பிரெஞ்சும் பாதி எங்கள் இட்டுக்கட்டுமாக அந்த பஸ்ஸில் நாங்கள் கதைத்த மொழி இருவர் வாயிலும் இப்போது வருவதில்லை.