பால் கொட்டிலில் நான் கொடுக்காத பால்

பால்மா கரைப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள், வரிசையில் இன்னும் இருபது பிள்ளைகள் கோப்பையோடு நிற்கும்போது கிடாரத்தின் அடி தெரிவதை ஒரு நாளும் கண்டிருக்க மாட்டார்கள். கூப்பன் மேசையோ, ஆஸ்பத்திரித் துண்டு எழுதும் மேசையோ, ஏதோ ஒரு மேசைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, அந்தப் பக்கம் நிற்கிறவருக்கு "இல்லை" என்று சொல்லிச் சம்பளம் எடுத்தவர்கள் எல்லாரும் என் சாதி. உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படிச் சில முகங்கள் இருக்கும்.

ஐம்பதுகளில் கல்முனையில், கடற்கரைக்குப் போகிற ஒழுங்கை ஒன்றில் தென்னோலைக் கிடுகு வேய்ந்த எங்கள் கொட்டில் இருந்தது. பலகையில் 'பால் நிலையம்' என்று எழுதியிருந்தாலும் சனங்களுக்கு அது பால் கொட்டில்தான். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கும் காலை பத்து மணிக்கு ஆளுக்கு ஒரு கோப்பை. அட்டை வேண்டும். தாய் கூட வரவேண்டும். அங்கேயே குடித்து முடிக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் முஸ்லிம் பெண்கள். நான் மெதடிஸ்த கோயிலடித் தமிழ்ப் பெண். வெள்ளைச் சேலை கட்டியதால், தாதிக்குப் படிக்காமலே எனக்கு 'மிஸி' என்று பெயர் வந்துவிட்டது. தேயிலையும் ரப்பரும் நல்ல விலைக்குப் போகிற நாடு, மேற்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வயல், முன்னால் மீன் நிறைந்த கடல். இந்த ஊரில் பிள்ளைகளுக்கு இலவசப் பால் எதற்கு என்று முதல் நாள் நானே கேட்டேன்.

பத்து மணிக்கு வராத தாய்

ஹாஜரா என்று ஒரு தாய். இரண்டு பிள்ளைகளுக்கு அட்டை இருந்தும் மூன்று கிழமையாக, இருபத்தொரு நாளாக, வரவில்லை. அட்டைகளில் சிவப்புக் கோடு இழுத்து, குறிப்பு எழுதும் இடத்தில் 'அக்கறையில்லாத தாய்' என்று எழுதிவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். நேரில் போய் நாலு வார்த்தை சொல்லாவிட்டால் மனம் ஆறாது என்று ஒரு நாள் காலை அவள் வீட்டு வளவுக்குள் போனேன். பிள்ளைகள் இரண்டும் வெளியே மணலில் இருந்தன. தாய் உள்ளே இருந்துகொண்டு, "இரிங்க மிஸி" என்றாள். வெளியே வரவில்லை.

எனக்குக் கோபம். "வெளியால வந்து கதையுங்க. சும்மா குடுக்கிறதை வந்து வாங்கவும் பஞ்சியா, சோம்பலா? பிள்ளைகளைப் பாருங்க, எலும்பு தெரியுது" என்று முற்றத்தில் நின்றே ஏசினேன். பக்கத்து வளவில் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். நான் மூச்சு வாங்கிய நேரம், அவள் கிடுகுத் தட்டிக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள். தன்னிடமும், புருசனின் தங்கச்சியான மச்சியிடமும் வெளியே உடுத்துப் போக ஒரே ஒரு சேலைதான்; மச்சி அதை உடுத்துக்கொண்டு விடிய மில்லுக்கு நெல் காயவைக்கப் போய்விடுகிறாள்.

"ஒங்கட பால் பத்து மணிக்கி மிஸி. எங்கட சேல பன்னெண்டு மணிக்கித்தான் வரும்."

வாய்க்குள் இருந்தது

நாலு வயது சுலைஹா மற்றப் பிள்ளைகளைப் போலக் குடிக்க மாட்டாள். கோப்பையில் முக்கால் பங்கைக் குடிப்பாள். கடைசி மிடறை வாய்க்குள் வைத்துக்கொண்டு, கன்னம் உப்ப, ஒரே ஓட்டமாக ஓடுவாள். தாய் பின்னாலே போவாள். நாலைந்து நாள் பார்த்தேன். பால் பிடிக்காமல் வெளியே போய்த் துப்புகிறாள் என்று முடிவு செய்தேன். அருமையான மா, கப்பலில் வருகிறது, இவள் மணலில் துப்புவதா?

ஆறாம் நாள் வாசலில் வைத்துக் கையைப் பிடித்தேன். "விழுங்கு" என்றேன். தலையை ஆட்டினாள். "விழுங்கு, இல்லாட்டி நாளைக்குப் பால் இல்லை." கண் நிறைந்துவிட்டது, வாய் திறக்கவில்லை. அவள் மூக்கைப் பிடித்தேன். மூச்சு முட்டி வாய் திறந்ததும் பால் சட்டையிலும் என் கையிலும் கொட்டியது. தாய் சீலைத் தலைப்பால் பிள்ளையின் நெஞ்சைத் துடைத்தாள். அவளுடைய இரண்டு வயது மகன் காய்ச்சலோடு வீட்டில் கிடந்தது எனக்குத் தெரியும். வராத பிள்ளையின் கோப்பையை நான் ஊற்றுவதில்லை. அதுதான் விதி. சுலைஹா அழுதுகொண்டு எனக்குப் பதில் சொன்னாள்.

"அது என்ட பால் இல்ல மிஸி. தம்பிட."

கடல் இறங்காத மாதம்

மாரியில் கடல் கறுத்துக் கொந்தளிக்கும். தோணிகள் கரையில் கவிழ்ந்து கிடக்கும். முஸ்லிம் சனம் அண்ணனைக் 'காக்கா' என்பார்கள்; அப்படி ஒரு மாரியில் அலியார் காக்கா தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெண்சாதிக்குச் சுகமில்லையாம். கரைவலை இழுக்கிற ஆள், பனங்கட்டை மாதிரித் தோள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாகக் குந்தினார். பிள்ளை பாதி குடித்ததும், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மிச்சத்தை அவர் குடித்தார்.

எனக்கு உதவியாக விறகும் தண்ணீரும் பார்த்த பூரணம் அக்கா அதைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளைக் கண்டு மற்றப் பெண்கள் சிரித்தார்கள். நான் எல்லாருக்கும் கேட்கக் கேட்டேன்: "காக்காவுக்கும் ஒரு அட்டை எழுதவா? வயது எத்தனை எண்டு போட?" கொட்டில் முழுதும் சிரிப்பு. அவர் கோப்பையை மெல்ல மணலில் வைத்தார். பிள்ளையின் வாயைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையும் வரவில்லை. போகும்போது அவர் என்னைப் பார்த்துச் சொன்னதில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கடல்ல எறங்கி மூணு கெழம மிஸி. வயசக் கேக்காதிங்க."

அறுப்புக்குப் போனவள்

அறுவடை வந்தால் ஒழுங்கையில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். சனம் பிள்ளைகுட்டியோடு தூரத்து வயல்வெளியான வட்டைக்குப் போய், அதன் ஓரத்தில் வாடி என்ற ஓலைக் குடிசை கட்டித் தங்கி, வயல் சொந்தக்காரரான போடியார்மாரின் நெல்லை வெட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்ப ஒரு மாதம் செல்லும். எங்கள் விதிப்படி இரண்டு கிழமை தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை வெட்ட வேண்டும். தொடக்கத்தில் வாய்ச்சொல்லை நம்பி எழுதிய அட்டைகள்தான்; வெட்டிய பிறகு புது அட்டைக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் ஊர்த் தலைமைக்காரரான விதானையாரின் கடிதமும் வேண்டும்.

மரியம் திரும்பி வந்தபோது கையெல்லாம் அரிவாள் கீறல். மகனைக் கூட்டிக்கொண்டு நேரே கொட்டிலுக்குத்தான் வந்தாள். பெயர் இல்லை என்றேன். பத்திரம் கொண்டுவாருங்கள் என்றேன். வாடியில் பிறந்த பிள்ளைக்குப் பதிவே இல்லை என்றாள். நான் என்ன செய்வது என்றேன். கிடாரத்தில் அன்று நிறையப் பால் இருந்தது. வட்டைக்குப் போன சனம் முழுக்க இன்னும் திரும்பவில்லையே. மிஞ்சிய பாலை வேலியோரம் ஊற்றச் சொல்லி மேலிடத்து உத்தரவு. பூரணம் அக்கா ஊற்றிக்கொண்டிருந்தாள். மரியம் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் வட்டைக்கிப் போகாட்டி புள்ளக்கிச் சோறில்ல, போனாப் பாலில்ல. எதச் செய்யச் சொல்றீங்க மிஸி?"

பெரியவர்கள் வந்த நாள்

கொழும்பிலிருந்து பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள் என்று அறிவித்தல் வந்தது. அவர்கள் வருவதற்கு முதல் நாள் எனக்கு மேலே இருந்த பெரிய மிஸி வந்து, "நல்ல பிள்ளைகளை முன்னுக்கு இருத்து" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு விளங்கியது. கன்னம் வைத்த பிள்ளைகளாகப் பார்த்துப் பொறுக்கினேன். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு, அட்டையே இல்லாதவை, அவர்களையும் கூப்பிட்டேன். கால் மெலிந்து வயிறு ஊதிய பிள்ளைகளின் தாய்மாரிடம், "இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வாருங்கள்" என்று சொல்லி வாசலிலேயே திருப்பிவிட்டேன்.

காரில் வந்தவர்கள் நல்லவர்கள். பிள்ளைகளின் கன்னத்தைத் தட்டினார்கள், என்னைப் பாராட்டினார்கள், படம் எடுத்தார்கள். இந்த ஊரில் குறை ஒன்றுமில்லை போலிருக்கிறதே என்று ஒருவர் சொன்னார். ஓம் ஐயா என்றேன். அடுத்த மாதம் எங்களுக்கு வரும் பால்மாப் பீப்பாய்களில் ஒன்று குறைந்தது. ஏன் குறைந்தது என்று தாய்மார் கேட்டபோது, தேவை குறைவாம் என்று கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். அன்று வாசலில் திரும்பிப் போன ஆசியா உம்மா, மூத்த மனுசி, குத்திக் காட்டுவதற்காகக் கேட்டவள் அல்ல. அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"மெலிஞ்ச புள்ளயள அவங்க கண்டிருந்தா, கூடத்தானே மிஸி அனுப்பியிருப்பாங்க?"

யாருடைய கை

இதை நான் வாய் திறந்து யாருக்கும் சொன்னதில்லை. பீப்பாய் குறைந்த பிறகு, வந்த பிள்ளைக்கு இல்லை என்று சொல்லக் கூசி, பாலில் தண்ணீரைக் கூட்டினேன். விறகும் தட்டுப்பாடு. ஒரு கிழமை முழுதும், கொதித்த பாலுக்குள் கிணற்றுத் தண்ணீரைப் பச்சையாகவே விட்டேன். அது வெள்ளம் வடிந்த காலம், கிணறு கலங்கிக் கிடந்தது. பூரணம் அக்கா, "கொதிக்க வைப்பமே" என்றாள். நேரமில்லை என்றேன்.

கிழமைக் கடைசியில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். ஆஸ்பத்திரியில் ஏழெட்டுப் பேர். ஒருவரும் மௌத்தாகவில்லை, எல்லாரும் உயிர் தப்பினார்கள்; அது ஆண்டவர் செயல், என் செயல் அல்ல. டாக்குத்தர் காரணம் கேட்டார். வீடுகளில் சுத்தம் போதாது ஐயா என்றேன். அதோடு நிற்காமல், அடுத்த நாள் தாய்மாரை வரிசையில் நிறுத்தி, கை நீட்டச் சொல்லி, நகம் பார்த்து, சவர்க்காரம் போட்டுக் கழுவுவது எப்படி என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். எல்லாரும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளையை வைத்துவிட்டு வந்த ஒரு தாய், இரவெல்லாம் நித்திரையில்லாத கண்ணோடு, தன் உள்ளங்கையைப் புரட்டிப் பார்த்தாள்.

"மிஸி சொல்றது சரிதான். எங்கட கைதான் ஊத்த."

கஞ்சி கொண்டுவந்தவள்

என் கணவருக்கு அப்போது ஒரு வருடமாக வேலை இல்லை. என் சம்பளத்தில் அவருடைய தாயும் எங்கள் மூன்று பிள்ளைகளும். வெள்ளைச் சேலையைக் கஞ்சி போட்டு உடுத்தியதால் ஊருக்குத் தெரியவில்லை. கடைசி மகனுக்கு மூன்று வயது. அட்டை எழுதினால் கொட்டிலில் எல்லாரோடும் அவனை இருத்த வேண்டுமே. மிஸியின் பிள்ளை வரிசையில் நிற்பதா? அதனால் பின்னேரங்களில் ஒரு தகரப் பேணி மாவைப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எத்தனை நாள் என்று கேட்காதீர்கள்.

நோன்பு மாதத்தில் ஒரு நாள், நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி, ஜெமீலா என்ற தாய் பள்ளிவாசல் கஞ்சியை ஒரு சட்டியில் ஏந்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பள்ளிவாசலில் அவள் வீட்டுக்கு ஊற்றிய பங்கில் பாதி. 'மிஸிட புள்ளையளுக்கு' என்று கொண்டுவந்திருக்கிறாள். அவளுடைய மகனுக்கு ஐந்து வயது முடிந்து இரண்டு நாள் என்று போன கிழமைதான் நான் அட்டையைப் பறித்திருந்தேன். அவள் சமைக்கிற குசினியின் வாசலுக்கே வந்துவிட்டாள். மேசையில் பேணி திறந்து கிடந்தது. என் மகன் கையால் அள்ளித் தின்றுகொண்டிருந்தான். மூக்கிலும் கன்னத்திலும் மா. நான் குறுக்கே போய் நின்று பேணியைச் சேலைத் தலைப்பால் மூடினேன்.

ஜெமீலா சட்டியைக் கீழே வைத்தாள். என்னைத் தாண்டிப் போய்ப் பிள்ளையின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். அவள் ஏசுவாள், நாளைக்கு ஒழுங்கை முழுதும் தெரிந்துவிடும், வேலை போய்விடும் என்றெல்லாம் என் தலைக்குள் ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை. வெறும் சட்டியை நான் திருப்பிக் கொடுத்தபோது, அதை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"மறைக்காதிங்க மிஸி. பசிக்கிற புள்ளயோட இரிக்கிறது எப்பிடி எண்டு எனக்குத் தெரியாதா?"

எட்டு வருடத்துக்குப் பிறகு வேலையை விட்டபோது எனக்கு ஒரு நற்சான்றிதழ் தந்தார்கள். 'விதிகளை ஒருபோதும் மீறாதவர்' என்று அதில் எழுதியிருப்பதால், என் பிள்ளைகளுக்குக்கூட இதுவரை அதைக் காட்டவில்லை.