அங்கி கேட்ட சங்கம்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் பல்கலைக்கழகத்தில் உதவிப் பதிவாளராக இருந்தேன். நிர்வாக அலுவலர்களுக்கென்று எங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. பதினான்கு பேர், செயலாளர் நான். பட்டமளிப்பு விழாவில் விரிவுரையாளர்கள் அங்கி போட்டுக்கொண்டு ஊர்வலம் போவார்கள். நாற்காலி முதல் நாடா வரை ஏற்பாடு செய்த நாங்கள் ஓரமாக நின்று பார்ப்போம். எங்களுக்கும் அங்கி வேண்டும் என்பதுதான் சங்கத்தின் தலையாய கோரிக்கை. அதை எழுதியவனும் நானே.

ஆண்டுக் கூட்டத்தை நுவரெலியாவில் வைக்கலாம் என்றேன். அந்தப் பக்கம்தான் என் ஊர். வீட்டார் தேயிலைத் தோட்டத்தில் உத்தியோகம் என்று அலுவலகத்தில் சொல்லி வைத்திருந்தேன். கேட்டவர்கள் பெரிய கிளாக்கர் குடும்பம் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்பாவும் அம்மாவும் கூலிகளின் வரிசை வீடான லயத்திலேயே வாழ்ந்து முடிந்ததையும், அக்கா நானுஓயாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் கொழுந்து எடுப்பதையும் நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கி, வேன்களில் டவுனுக்குப் போனோம். மண்டபம் பூட்டிக் கிடந்தது. காவற்காரர் எடுத்துக் காட்டிய கடிதத்தில் ஞாயிற்றுக்கிழமை என்று இருந்தது. கீழே என் கையெழுத்து, சுழித்துச் சுழித்து மிக அழகாக. அன்று நான் படிக்கவிருந்த கட்டுரையின் தலைப்பு ‘நிர்வாகத்தில் துல்லியம்’.

யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மழையில் நனைந்துகொண்டு ஸ்டேஷனுக்கே திரும்பினோம். அங்கே அக்கா நின்றுகொண்டிருந்தாள். நான் வருவதாக எழுதியிருந்ததால், அரைநாள் வேலை முடிந்ததும் எனக்கு ரொட்டி கட்டி எடுத்து வந்திருந்தாள்.

“என்ன தம்பி, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?” என்றாள்.

இது யார் என்று எங்கள் சங்கத் தலைவர் கேட்டார். அவர் சிங்களவர், தமிழ் ஓரளவு புரியும். தெரிந்த பெண்மணி என்று ஆங்கிலத்தில் சொன்னேன். தம்பி என்று யாரும் யாரையும் கூப்பிடலாம் என்ற தைரியம். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் என் முகத்தை நன்றாகத் தெரியும். தலைவரிடம் திரும்பி, சரளமான சிங்களத்தில் விஷயத்தைக் கேட்டறிந்தாள். தங்கள் கோயில் மடம் சும்மாதான் கிடக்கிறது, நாலு மணிக்குத் தொழிலாளர்களின் தோட்டக் கமிட்டி கூடும் வரை அங்கே கூட்டம் நடத்தலாம் என்றாள். அந்தக் கமிட்டியில் அவள்தான் மாதர் தலைவி என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

மடத்தில் பாய் விரித்துத் தேநீர் தந்தார்கள். நாங்கள் அங்கியின் நிறத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் விவாதித்தோம். கருநீலமா, கறுப்பா என்பது முடியவில்லை. நாலு மணிக்குக் கமிட்டிக்காரர்கள் வந்து, பின்னால் மரியாதையாக உட்கார்ந்தார்கள். நாங்கள் என்ன கேட்கிறோம் என்று அக்கா மெதுவாக விசாரித்தாள். விளக்கினேன்.

“அந்த அங்கி மழைக்குத் தாங்குமா தம்பி?” என்றாள்.

கேலி இல்லை; உண்மையாகவே கேட்டாள். தாங்காது என்றேன்.

விவாதத்தை ஒரு உபகுழுவுக்குத் தள்ளிவிட்டு மடத்தை ஒப்படைத்தோம். அவர்களுடைய கூட்டம் இருபது நிமிடத்தில் முடிந்தது. லயத்துக் கூரை ஒழுகுகிறது. திங்கட்கிழமை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் ஆறு பெண்கள் தோட்டத்துத் துரையிடம் போவது. அவ்வளவுதான். எங்கள் தலைவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு நன்றியுரை என் முறை. மடத்துக்கும் கமிட்டிக்கும் நன்றி சொன்னேன். அக்காவின் பக்கம் திரும்பினேன். கடைசியில் தமிழில், “இவங்க என் கூடப் பொறந்த அக்கா” என்றேன். நான் எதிர்பார்த்த அதிர்ச்சி எதுவும் நிகழவில்லை. ரயிலடியிலேயே எங்கள் இருவர் மூக்கையும் பார்த்துத் தெரிந்துகொண்டதாகத் தலைவர் சொன்னார். அக்கா மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று எங்களை விரட்டினாள்.

இரண்டு மாதத்தில் பாதி லயத்துக்குப் புதுத் தகரம் போட்டார்கள் என்று எழுதினாள். அங்கி உபகுழு அதற்குள் ஒருமுறைகூடக் கூடவில்லை. அதன் அழைப்பாளர் நான்தான்.