கார்க்கதவு நாலும் திறக்காத மத்தியானம்

கண்ணுகளா, அன்னிக்குக் காருக்குள் நீங்கள் அழுததற்குக் காரணம் நான்தான்.

கரடுமுரடான பாதையில் நம் பழைய கார் ரொம்ப ஆடுகிறதென்று, அடியில் குறுக்கே இரும்புச் சட்டம் வைக்க விளாங்குடிப் பட்டறைக்குப் போனேன். காரை ஒரு பக்கம் ஜாக்கியில் தூக்கியிருந்தார்கள்.

"தரையில இறக்கித்தாண்ணே வெல்டு வைக்கணும். இல்லாட்டி பாடி முறுக்கிக்கிரும்" என்றார் வெல்டர்.

"அம்புட்டு நேரமில்ல மாப்ள, அப்படியே வையி" என்றேன்.

மறுநாள் உங்களை ஏற்றிக்கொண்டு பரவை ஊரைத் தாண்டி, கண்மாய்ப் பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. வெல்டு வைத்தபோதே முறுக்கியிருந்த பாடி இன்னும் முறுக்கி, நாலு கதவையும் இறுக்கிக்கொண்டது. கண்ணாடி ஒரு சாண்தான் இறங்கியது. உச்சி வெயில். சின்னவளுக்கு மூச்சு வாங்கியது. "திறப்பா" என்று என் சட்டையைப் பிடித்தாள். தோளால் இடித்தும் கதவு அசையவில்லை.

பால்கேனோடு வந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "ஜாக்கி எங்கண்ணே?" என்றார்.

"உள்ளேதாம்ப்பா இருக்கு."

"நல்லா வச்சீங்க!" என்று கையை நீட்டினார். பெரியவன் கண்ணாடிச் சந்து வழியே கொடுத்தான். அவர் பள்ளத்துச் சக்கரத்தைத் தூக்கியதும் ஒரு கதவு திறந்தது.

சட்டத்தை வெட்டி, நாலு சக்கரமும் தரையில் நிற்க மறுபடி வைத்தாயிற்று. வேலை தெரிந்தவர் பேச்சை இப்போது நான் தட்டுவதில்லை. நீங்கள் பள்ளிக்கூடம் போனபின், ஒரு சக்கரத்தைக் கல்மேல் ஏற்றி, நீங்கள் உட்காரும் இடங்களில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து, உள்ளிருந்தே கதவைத் திறந்து பார்த்தேன்.