விளங்கவில்லை என்று சொல்ல வைத்த ஆண்டவர்

2006ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு புதன்கிழமை பகல், என் கணவர் தொலைந்துபோனார்.

சென்ட் லோரன்டில் எங்கள் வீட்டிலிருந்து அவர் வேலை செய்யும் பண்டகசாலைக்கு பஸ்ஸில் பத்து நிமிடம். வருடக்கணக்காகப் போய்வந்த வழி. அன்றைக்கு, எங்கள் நகரம் இருக்கும் தீவின் மற்ற அந்தத்தில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருந்து டெபனர் என்கிற ஒரு மூலைக்கடையின் கடைக்காரி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். அவரின் பொக்கெட்டில் இருந்த கொப்பியில் எங்கள் இலக்கத்தைப் பார்த்திருக்கிறாள். பிரெஞ்சில் படபடவென்று கதைத்தாள். எனக்கு விளங்கியது ‘முசியே’ என்ற சொல்லும் ஊரின் பெயரும்தான்.

எங்கள் சபைப் போதகர் தன் காரில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்குள், குளிர்பானப் பெட்டிக்குப் பக்கத்தில் இவர் நின்றார். ஒரு கையில் மட்டும் கையுறை. எங்களைக் கண்டதும் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

“யோசிச்சுக்கொண்டு இருந்திட்டன்.”

“பேராசிரியர் அல்லோ!” என்றார் போதகர். “உடம்பு பஸ்ஸிலை, மூளை பரலோகத்திலை.”

நானும் சிரித்தேன். ஆனால் வீடு வந்து சேருமட்டும் அவருடைய கையை விடவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எதற்கும் பயப்படுகிறவள். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருவேன். இவரோ ஊரில் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிப்பித்தவர். அகதியாக வந்து இங்கே பெட்டி கட்டினார். நான் தைத்த தொழிற்சாலையில்தான் எங்களுக்குப் பழக்கம் வந்தது. அப்போது இவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. கலியாணம் செய்த பிறகு என்னோடு சபைக்கு வந்தது போதகரோடு வாதாடத்தான். ஒரு வருடம் வாதாடினார். பிறகு ஒரு ஞாயிறு பேசாமல் இருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார்: “வாதாட ஒருத்தரும் இல்லாத இடத்திலையும் நான் ஆரோடையோ கதைச்சுக்கொண்டுதான் இருந்திருக்கிறன். அது ஆரெண்டு இப்பதான் தெரியுது.”

அதற்குப் பிறகு நூலகப் புத்தகங்களை வைத்துக் கிரேக்கம் படித்தார். சபையில் வேதம் வாசிக்கும்போது எங்களைப் போன்ற பெண்கள் விளங்காமலே தலையாட்டுவதைப் பார்த்தார். எங்களுக்கு விளங்கும் தமிழில் சுவிசேஷத்தை எழுதத் தொடங்கினார்.

அவருடைய வேலைமுறை இதுதான். சனிக்கிழமை காலையில் நான் குசினி மேசையில் மரக்கறி வெட்டுவேன். அவர் எதிரே இருந்து, அந்தக் கிழமை எழுதியதை வாசிப்பார். ஒவ்வொரு துண்டு முடிவிலும் “விளங்கிச்சோ?” என்று கேட்பார். நான் இல்லை என்றால் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டுத் திரும்ப எழுதுவார். தொடக்கத்தில் பக்கத்துக்கு நாலு இடத்தில் இல்லை என்பேன். அவருக்குச் சந்தோஷம். “நீர் விளங்கேல்லை எண்டு சொன்னாத்தான் எனக்கு வேலை” என்பார்.

அதை நான்தான் கெடுத்தேன்.

முந்தின கார்த்திகையில் ரொறன்ரோவிலிருந்து மூன்று சபை ஊழியர்கள் இவருடைய மொழிபெயர்ப்பைக் கேட்க வந்தார்கள். தேத்தண்ணி கொடுக்கும்போது ஒருவர் என் முன்னாலேயே கேட்டார்: “ஐயா, எட்டாம் வகுப்புக்காரியின்ரை காதை நம்பியோ வேதத்தை எழுதுறியள்?” எல்லோரும் சிரித்தார்கள். இவர் ஏதோ பதில் சொன்னார். எனக்குக் காது அடைத்துவிட்டது. அன்றிலிருந்து எந்தத் துண்டு வாசித்தாலும் “ஓம், விளங்கிச்சு” என்றுதான் சொன்னேன். என்னால் அவருக்கு ஒரு இழிவு வரக்கூடாது என்று நினைத்தேன்.

தை மாதத் தொடக்கத்தில் பஸ் தரிப்பிடத்தில் ஐஸில் சறுக்கி விழுந்தார். பின்மண்டை அடிபட்டது. சின்ன வீக்கம். “மெய்யியல் விழுந்து எழும்பிட்டுது” என்று பகிடி விட்டார். மூன்று நாளில் வீக்கம் வற்றியது. நாங்கள் அதை மறந்தே போனோம்.

தை கடைசியில் ஒரு சனிக்கிழமை. கடலில் புயல் அடித்த இடத்தை வாசித்தார். இயேசு படகில் நித்திரை கொள்ளும் கதை. சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்தது. அவர் வாசித்தது இப்படி இருந்தது: “அவர் கதிரைக்குப் பின்னால் காற்றை மடித்து வைத்தார்.”

“விளங்கிச்சோ?”

கிரேக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். “ஓம்” என்றேன். ஒரு கோடும் விழவில்லை. அடுத்த சனி இன்னும் மோசம். அதற்கும் ஓம். காலையில் எழும்பும்போது தலையைப் பிடித்துக்கொண்டார். ஒருநாள் சத்தி எடுத்தார். சேட்டில் பொத்தான்களை மாறிப் பூட்டினார். கதவுத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குப் பெயர் தேடினார். ஊரிலுள்ள எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான் இதற்கு மட்டும் வேறு விளக்கம் வைத்திருந்தேன். அவர் மேலே மேலே போகிறார், நான் கீழே நிற்கிறேன் என்று.

ஒவ்வொரு நாளும் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுது ஜெபித்தேன். “ஆண்டவரே, எனக்குக் கொஞ்சம் அறிவைத் தாரும். இவர் வாசிக்கிறது எனக்கு விளங்க வேணும்.” வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கேட்க எனக்கு இன்னும் குறைவாகத்தான் விளங்கியது. ஜெபம் கூரையில் முட்டித் திரும்பி விழுவதுபோல் இருந்தது. பிறகுதான் அந்தப் புதன்கிழமை அவர் தொலைந்துபோனது.

மூன்று நாள் கழித்து சனிக்கிழமை. வெளியே வெயில் எறித்தது. நான் லீக்ஸ் வெட்டினேன். அவர் வாசித்தார். அதில் ஒரு சொல்லும் இன்னொரு சொல்லோடு சேரவில்லை.

“விளங்கிச்சோ?”

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆண்டவர் அறிய உண்மை. “விளங்கேல்லை” என்று வந்தது.

அவர் முகம் சிவந்தது. “என்ன விளங்கேல்லை?”

“ஒண்டும் விளங்கேல்லை அப்பா. இன்னொருக்கா வாசியுங்கோ.”

வாசித்தார். அதே பக்கம், அதே வரி. ஆனால் முதல் வாசித்தது வரவில்லை, வேறு ஏதோ வந்தது. “விளங்கேல்லை” என்றேன் திரும்பவும். அவர் மேசையில் அடித்தார். மார்கழியில் எழுதிய தாளை இழுத்து என் முன்னால் போட்டார். நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். தண்ணீர்போல் விளங்கியது.

“இது விளங்குது. இது விளங்கேல்லை.” இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். மாறி மாறிப் பார்த்தார். அந்தக் கண்களை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

“இதை நானோ எழுதினனான்?” என்றார்.

எங்கள் சபையில் செல்வி அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“கிட்டடியிலை தலை எங்கையும் அடிபட்டதே?”

“ஐஸிலை விழுந்தவர். அது ரெண்டு மாசத்துக்குக் கிட்ட.”

“ஐயோ பிள்ளை! போனை வை. இப்பவே அம்புலன்ஸைக் கூப்பிடு.”

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். விழுந்த நாளிலிருந்து மண்டைக்குள் இரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து மூளையை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருந்ததாம். பேச்சு இருக்கும் பக்கம். செல்வி அக்கா வந்து எனக்குத் தமிழில் சொன்னார். வைத்தியர் கடைசியில் சொன்னதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நான் விடவில்லை. “இன்னும் சில நாள் போயிருந்தா நித்திரையிலையே போயிருப்பாராம்.”

பின்னேரம் மண்டையில் இரண்டு துளை போட்டு இரத்தத்தை வடித்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் கண் திறந்தவர் ஒன்றும் கதைக்கவில்லை. தாதிமார் பிரெஞ்சில் கேட்டார்கள், ஆங்கிலத்தில் கேட்டார்கள். நான் தமிழில் கெஞ்சினேன். ஞாயிறு போனது. திங்கள் போனது. என்னை யாரென்று தெரிகிறதா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. வாழ்நாள் முழுவதும் சொற்களோடு வாழ்ந்த மனிதர், சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். “உயிரைத் தந்தீர், சொல்லை எடுத்துப்போட்டீரோ?” என்று ஆண்டவரோடு சண்டை பிடித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவருடைய கட்டிலருகே இருந்து, அவர் எழுதிய தாள்களை வாசித்தேன். குருடனுக்குப் பார்வை கிடைத்த இடம். நான் நல்லாய் வாசிக்கத் தெரியாதவள். அவசரத்தில் ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டேன். 

“பொறும்” என்று ஒரு சத்தம். காய்ந்த தொண்டை. “ஒரு வரி… விட்டிட்டீர்.”

நான் தாளைப் போட்டுவிட்டு அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தாதி பயந்து ஓடிவந்தாள். எனக்கு வந்த பிரெஞ்சு ஒன்றே ஒன்றுதான். “மெர்சி, மெர்சி” என்று அவளுக்கும் சொன்னேன், ஆண்டவருக்கும் சொன்னேன்.

சபையாரே, நான் அறிவைக் கேட்டேன். ஆண்டவர் அதைத் தரவில்லை. எனக்கு விளங்கவில்லை என்ற உண்மையைச் சொல்லும் வாயைத் தந்தார். அதனால் என் கணவர் பிழைத்தார். நான் கேட்டது கிடைத்திருந்தால் இன்றைக்கு நான் விதவை.

அவருடைய வலக்கை விரல்கள் இன்னும் சரியாக மடிவதில்லை. அதனால் அவர் சொல்லச் சொல்ல இப்போது நான் எழுதுகிறேன், எழுத்துப்பிழைகளோடு. இரத்தம் திரும்பவும் கசியலாம் என்று வைத்தியர் எச்சரித்திருக்கிறார். அவர் ஒரு சொல்லுக்குத் தடுமாறினால் இன்றைக்கும் பேனையை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்கிறேன். பயம் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் அதை விழுங்குவதை விட்டுவிட்டேன். பயம் வந்தவுடனே அவரிடம் சொல்கிறேன், செல்வி அக்காவிடம் சொல்கிறேன், ஆண்டவரிடம் சொல்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று சரியில்லை என்று உங்கள் மனதுக்குத் தெரிந்திருக்கலாம். படிக்காதவள் நான், எனக்கு என்ன தெரியும் என்று பேசாமல் இருக்கிறீர்களா? அப்படி நானும் ஒரு மாதம் இருந்தேன். அந்த ஒரு மாதமும் இரத்தம் கசிந்துகொண்டேயிருந்தது. இன்றைக்கே ஆண்டவருக்கு முன்னால் போய் இருங்கள். உங்கள் வாயை அவரிடம் கொடுங்கள். பிறகு எழும்பிப் போய், பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்லுங்கள்.