சவரிமுத்துவுக்கு எண்ணெய் பூசியவர்

சாமியாராக இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. பேய் பிடித்திருக்கிறது, தீர்த்தம் தெளியுங்கள் என்று யாராவது பிள்ளையைக் கூட்டி வந்தால், முதலில் தேனிக்குப் போய் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவைக்கிற ஆள் நான். ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களில் இருந்த புனிதர்களைப் பற்றிப் பிரசங்கத்தில் சொல்ல நேர்ந்தால்கூட, பக்தியில் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார்கள் என்று சிரித்தபடி தாண்டிப் போய்விடுவேன். நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. நம்பாமல் இருப்பதுதான் எனக்கும் வசதி.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கத்தோலிக்கப் பங்கில் நான்கு வருடம் பங்குச் சாமியாராக இருந்தேன், ஊர்ப் பெயர் வேண்டாம். கோயிலிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரத்தில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்னக் கிராமம், அங்கே நம் ஜனங்கள் முப்பது குடும்பம். அதில் ஒருவர் சவரிமுத்து, தோட்டக் கூலி. திருவிழாவில் மாதா சப்பரம் தங்கள் தெருவுக்குள்ளும் வர வேண்டும் என்று கேட்டார். தெரு குறுகல், கரண்ட் கம்பி தாழ்வாகத் தொங்குகிறது, வராது என்றேன். கொடியேற்றத்தன்று கோயில் வாசலில், அத்தனை பேர் முன்னால், "எங்க தெருவுக்கு மாதா வராதுன்னா, எங்க சாவுக்கு மட்டும் நீங்க எதுக்குச் சாமி வாரீக?" என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். "உன் சாவுக்கு நான் வர மாட்டேன்யா, போ" என்று சொல்லிவிட்டேன்.

அதோடு அவர் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டார். மறுநாளே போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஒரு கூலிக்காரர் வீட்டுப் படியேறி நான் மன்னிப்புக் கேட்பதா என்றுதான் நினைத்தேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. எட்டு மாதம் ஓடிவிட்டது.

ஐப்பசி அடைமழையில் ஒரு மதியம், சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது. அவர் மகள் ஜெயராணி.

"சாமி, அப்பாவுக்கு ரொம்ப முடியல. உங்களத்தான் கேக்குறாக. பாவசங்கீர்த்தனம் பண்ணணுமாம், எண்ணெய் பூசணுமாம். வெரசா வாங்க சாமி."

"வர்றேம்மா" என்றேன். மணி ஒன்றரை. சாப்பிட்டு முடித்தேன். சாகக் கிடப்பவர்களின் பாவ அறிக்கையைக் கேட்டு எண்ணெய் பூசப் போகும்போது கொண்டுபோகிற தோல்பையை எடுத்து மேசையில் வைத்தேன், உள்ளே கழுத்தில் போடும் ஊதா ஸ்டோல், எண்ணெய்ச் சிமிழ் எல்லாம் தயார். மழை கொஞ்சம் விடட்டும் என்று வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மழை ஒரு சாக்கு என்பது எனக்குத் தெரியும். பெரிய வீட்டிலிருந்து அழைத்திருந்தால் குடையைக்கூடத் தேடியிருக்க மாட்டேன். அந்த மனிதர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் ஒரு பக்கம், கொஞ்ச நேரம் காத்திருக்கட்டுமே என்ற அற்பத்தனம் இன்னொரு பக்கம். சமையல் செய்யும் சகாயம் அக்கா இரண்டு மணிக்குக் கடுங்காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "கூப்புட்டு விட்டாகளே, இன்னும் போகலையா சாமி?" என்று கேட்டார். ஆகவே அந்த நேரத்தில் நான் வராந்தாவில்தான் இருந்தேன், அதற்குச் சாட்சி உண்டு.

மூன்றரைக்குத் தூறலானதும் பைக்கை எடுத்தேன். தெருமுனையிலேயே ஒப்பாரி கேட்டது. பிந்திவிட்டேன் என்று தெரிந்ததும் பைக்கை அங்கேயே நிறுத்திவிட்டு நடந்தேன். ஜெயராணி ஓடிவந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எதுக்குச் சாமி திரும்பவும் நனஞ்சுக்கிட்டு வந்தீக? அப்பா இப்பத்தான் நிம்மதியாப் போனாக."

"திரும்பவுமா? நான் எப்பம்மா வந்தேன்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ரெண்டு மணிக்கு வந்தீகளே. தொப்பலா நனஞ்சு, கால்ல செருப்புகூட இல்லாம. துண்டு குடுத்தேன், வேணாம்னுட்டீக."

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். உள்ளே போனேன். சவரிமுத்துவின் நெற்றியிலும் இரண்டு உள்ளங்கைகளிலும் எண்ணெய் மின்னியது. ஒலிவ எண்ணெய் வாசம், முப்பது வருடமாக என் விரலில் இருக்கிற வாசம். பையைத் திறந்து சிமிழைப் பார்த்தேன். சனிக்கிழமைதான் எண்ணெய் ஊற்றிப் பஞ்சை நனைத்து வைத்திருந்தேன். பஞ்சு பிழிந்துபோட்டதுபோலக் கிடந்தது.

நான் வரவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஜெயராணி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எட்டு மாசமா சாமி வரமாட்டாகன்னு சொல்லிச் சொல்லி அழுதாக. வந்துட்டீக. எங்களுக்கு அது போதும்" என்றாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் அடக்கம். அடக்கப் பதிவேட்டில், கடைசி அருட்சாதனங்கள் பெற்றாரா, கொடுத்த குரு யார் என்று ஒரு கட்டம் உண்டு. என் பெயரை எழுதினால் பொய். பெறவில்லை என்று எழுதினால், அந்த எண்ணெயை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சுற்றுவட்டாரச் சாமியார்களையெல்லாம் விசாரித்தேன், மலைக்கு அந்தப் பக்கம் கேரளா வரைக்கும் கேட்டேன், யாரும் போகவில்லை. கட்டத்தைக் காலியாகவே விட்டேன். எனக்குப் பின் அந்தப் பங்குக்கு வந்த சாமியார் இந்தக் கட்டம் ஏன் காலி என்று போனில் கேட்டபோது, இருக்கட்டும் ஃபாதர் என்று மட்டும் சொன்னேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து ஜெயராணி காப்பி கொடுத்தாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"கதவச் சாத்திக்கிட்டுத்தான் பேசுனீக. தகரக் கதவுதானே சாமி, கடைசியில கொஞ்சம் கேட்டுருச்சு, கோவிச்சுக்காதீக. அப்பாவ வாங்க போங்கன்னு மரியாதையாப் பேசுனீக. வர மாட்டேன்னு சொன்னேன், மன்னிச்சுருங்கன்னு கால்ல விழுந்து அழுதீக. அப்புறம், 'எனக்கு நேரம் வாறப்ப நீங்க வரணும், வேற யாரும் வர மாட்டாக'ன்னீக. அப்பாவும் சரி சாமின்னாக."

நான் வாழ்க்கையில் யார் காலிலும் விழுந்ததில்லை. அன்று சாயங்காலம் அவர் கல்லறைக்குப் போய், நான் சொல்ல வேண்டியிருந்ததை நானே சொன்னேன். என் பெயரில் யாரோ ஏற்கனவே சொல்லி முடித்துவிட்டதால், அதற்கு ஒரு மதிப்பும் இல்லாததுபோல இருந்தது. அடுத்த திருவிழாவுக்குக் கரண்ட் கம்பியை உயர்த்தச் சொல்லி, அந்தத் தெருவுக்குள் சப்பரத்தைக் கொண்டுபோனேன். இப்போதெல்லாம் யார் அழைத்தாலும் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக்கூடக் கிளம்பிவிடுகிறேன். ஜனங்கள் மெச்சுகிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்.

எனக்கு நேரம் வரும்போது சவரிமுத்து வருவார், அவர் சொன்ன சொல் மாறாதவர். அதில் எனக்குப் பயமில்லை. சக குருக்கள் இருக்கிறார்கள், மருத்துவமனை இருக்கிறது, பங்கு ஜனங்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள். அப்படி இருக்க, வேறு யாரும் வர மாட்டார்கள் என்று என் முகத்தோடு போனவருக்கு எப்படித் தெரியும்? மழை பெய்கிற மதியங்களில் இதை நினைத்துக்கொண்டு, வராந்தாக் கதவைத் தாழ்போடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.